நூறாவது ஆட்டுக்குட்டியின் கால்கள்

மானுடக் கல்வியின் வரலாற்றை இரண்டே பாகங்களாகப் பிரித்துவிடலாம்: மைசூர் விஜயநகரில் உள்ள ஒலிவமலை ஆரம்பப் பள்ளியின் சுவரில் தொலைநோக்குப் பலகை மாட்டப்படுவதற்கு முன்பிருந்த இருண்ட காலம், மாட்டப்பட்ட பின் வந்த பொற்காலம். முதல் பாகம் சில ஆயிரம் ஆண்டுகள் நீடித்தது. இரண்டாம் பாகம் 1996ஆம் ஆண்டு ஜூலை எட்டாம் தேதி, திங்கட்கிழமை, காலைப் பிரார்த்தனைக்குப் பிறகு தொடங்கியது.

பள்ளிக்கு அருகில் மலை இல்லை. ஒலிவ மரத்தை அங்கே எவரும் கண்ணால் கண்டதுமில்லை. பாதி எழும்பிய வீடுகளும் கம்பி நீட்டிய மொட்டைமாடிகளுமே திசையெங்கும். இப்படிப்பட்ட இடத்தில் நின்று தொலைவில் எதையாவது காண்பதற்குத் தனித்திறன் வேண்டும். அத்திறன் தலைமையாசிரியர் சவேரிராயனுக்குப் பெங்களூரில் நடந்த இரண்டு நாள் கருத்தரங்கில், மதியச் சாப்பாட்டோடும் ஒரு பிளாஸ்டிக் கோப்போடும் சேர்த்து வழங்கப்பட்டது. மார்டள்ளியில் பிறந்து மைசூரில் தலைமையாசிரியராக உயர்ந்தவர் அவர். ‘விழுமியம்’ என்ற ஒன்று இல்லாமலேயே இருபத்திரண்டு வருடம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துவிட்டோமே என்று முதல் நாள் மாலையே அவருக்கு வியர்த்துப்போயிற்று.

திரும்பி வந்ததும் ஆசிரியர் கூட்டம் கூட்டினார்.

“நம்ம ஸ்கூலோட விஷன் என்ன? ஒவ்வொருத்தரா சொல்லுங்க.”

இரண்டாம் வகுப்பு ஆசிரியை சொர்ணலதா எழுந்தாள். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. ஆகவே உண்மை பேசும் பழக்கம் முற்றிலும் போயிருக்கவில்லை.

“சார், பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்ல. உள்ள ஆள் இருக்குன்னு தெரியறதுக்காக சின்ன மக்களெல்லாம் பாட்டுப் பாடிட்டே போறாங்க. பாப்பா சார், பாவம்.”

“தாழ்ப்பாள் விஷன் இல்ல மிஸ். அது ரொம்பப் பக்கத்துல இருக்கு. விஷன்னா தூரத்துல இருக்கணும்.”

“எஷ்டு தூரம் சார்?”

“கண்ணுக்கே தெரியாத தூரம்.”

“தாழ்ப்பாளும் கண்ணுக்குத் தெரியலையே சார்.”

கூட்டக் குறிப்பேட்டில் இவ்வுரையாடல் ‘ஆழ்ந்த கருத்துப் பரிமாற்றம்’ என்று பதிவாகியிருக்கிறது.

இறுதியில் தொலைநோக்கைத் தலைமையாசிரியரே கண்டடைந்தார். நூறு ஆடுகளில் ஒன்று தொலைந்துபோக, மீதித் தொண்ணூற்றொன்பதையும் விட்டுவிட்டு அந்த ஒன்றைத் தேடிப் போன மேய்ப்பனின் கதை ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிற எல்லாருக்கும் தெரியும். ஆனால், அக்கதைக்குள் ஒரு முழுமையான நிர்வாக முறை ஒளிந்திருப்பதை முதன்முதலில் கண்டவர் சவேரிராயனே. ‘ஒரு குழந்தையும் விடுபடாது’ என்று மூன்று மொழிகளில் பலகை எழுதப்பட்டது. கீழே நீல வண்ணத்தில் ‘மாணவர் எண்ணிக்கை: 100’.

ஒரு சிறு இடையூறு. பள்ளியில் இருந்தவர்கள் தொண்ணூற்றொன்பது பேர். அதில் ஒன்று தொலைந்தால் தொண்ணூற்றெட்டுதான் மிஞ்சும். கதையின் கட்டுக்கோப்பே குலைந்துவிடும். தலைமையாசிரியர் தயங்கவில்லை. சாலையைக் கடந்து, எதிரே எழும்பிக்கொண்டிருந்த மூன்றுமாடிக் கட்டடத்துக்குப் போனார். ஹனூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்திருந்த சரசு, தலையில் மணல் சட்டியோடு நின்றாள். அவள் மகள் சக்தி மணற்குவியலின் உச்சியில் நின்றிருந்தாள்.

“ஏம்மா, இந்தப் பொண்ணு ஸ்கூலுக்குப் போறாளா?”

“இல்லீங் சார். மண்ணுல வெளையாடிக்கிட்டுக் கெடக்கறாளுங்க.”

“நாளையிலேர்ந்து அனுப்பு. ஃபீஸ் வேண்டாம், யூனிபார்ம், ஷூ எல்லாம் நாங்களே தர்றோம். எனக்கு ஒண்ணு குறையுது.”

“என்னங் சார் கொறையுது?”

“நூறு.”

சரசுவுக்கு விளங்கவில்லை. பெரியவர்கள் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும் என்பதால் அவள் கும்பிட்டாள். மறுநாள் சக்தி இரண்டாம் வகுப்பில் சேர்ந்து நூறாவது ஆட்டுக்குட்டியானாள்.

பொற்காலத்துக்கு ஒரு சான்று வேண்டுமல்லவா? மண்டலப் பள்ளிகள் மன்றம் அவ்வாண்டு சிறந்த பள்ளிக்கு ‘விழுமியக் கேடயம்’ அறிவித்திருந்தது. கேடயத்துக்கான ஆணியைச் சவேரிராயன் ஆகஸ்டிலேயே தம் அறைச் சுவரில் அடித்துவிட்டார். தினமும் காலையில் வந்ததும் அதைப் பார்ப்பார். துருப்பிடிக்கக் கூடாது என்று வாரம் ஒருமுறை பியூன் மாதப்பனை விட்டு எண்ணெய் தடவச் சொல்வார்.

நவம்பரில் மன்றத்தின் பார்வையாளராகச் சிஸ்டர் க்ளோட்டில்டா வருவதாகக் கடிதம் வந்தது. மங்களூர்க்காரர். கொங்கணி, கன்னடம், ஆங்கிலம் மூன்றும் தெரியும். தமிழ் மட்டும் தெரியாது. பிள்ளைகளோடு மிருகக்காட்சிசாலைக்கு உல்லாசப் பயணமாக வந்து, விழுமியங்கள் செயல்படும் விதத்தை நேரில் காண விரும்புவதாக எழுதியிருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை காலை நூறு பிள்ளைகளும் வெள்ளைச் சீருடை, வெள்ளைக் கேன்வாஸ் ஷூவோடு வரவேண்டும் என்பது உத்தரவு, போட்டோகிராபரும் வருகிறார். தொண்ணூற்றொன்பது ஜோடிக் கால்கள் வெண்மையாக இருந்தன. வரிசையின் கடைசியில் இரண்டு கால்கள் மண் நிறத்தில் இருந்தன.

“ஷூ எங்கம்மா?” என்றார் தலைமையாசிரியர்.

“ஒண்ணு காங்கிரீட்டுக்குள்ள போயிருச்சுங் சார்,” என்றாள் சக்தி.

“எந்தக் காங்கிரீட்?”

சக்தி சாலைக்கு எதிரே, நேற்று மாலை வார்த்து முடித்த இரண்டாம் மாடிக் கூரையைச் சுட்டிக்காட்டினாள். பள்ளியின் சொத்தான ஓர் இடதுகால் ஷூ அதற்குள் இன்னும் அறுபது ஆண்டுக்குப் பத்திரமாக இருக்கும்.

“இன்னொண்ணு?”

“ஒத்தை ஷூ எதுக்குன்னு அம்மா எடுத்து வெச்சிருச்சுங்.”

வேறொரு தலைமையாசிரியராக இருந்தால் பிரம்பை எடுத்திருப்பார். சவேரிராயன் குரலைக்கூட உயர்த்தவில்லை. ‘உனக்கு இடமில்லை’ என்று அவர் சொல்லவே இல்லை, இடம் கொடுத்தார். வராந்தாவில், தொலைநோக்குப் பலகைக்கு நேர் கீழே இருந்த பெஞ்சைக் காட்டினார்.

“இங்க ஒக்காரு. நான் கூப்பிடற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது. ஒபீடியன்ஸ் நம்ம மூணாவது வேல்யூ. தெரியுமில்ல?”

“தெரியுங் சார்.”

விளையாட்டுச் சாமான் அலமாரியில் பழைய ஷூ ஏதாவது கிடைக்குமா என்று பார்க்கத்தான் அவர் திரும்பினார். அந்த நொடியில் சிஸ்டரின் ஜீப் வந்து நின்றது. ஒரு மனிதர் ஒரே சமயத்தில் அலமாரியையும் ஜீப்பையும் நோக்க முடியாது. இரண்டில் ஜீப்பே தொலைவில் இருந்தது.

“சார், ஏறறதுக்கு முன்னாடி ஒரு தடவை எண்ணிடலாமா?” என்று சொர்ணலதா கேட்டாள்.

“நூறுன்னு போர்டுலயே எழுதியிருக்கே மிஸ். எண்ணிப் பாக்கறது அவநம்பிக்கை.”

இரண்டு பஸ்கள். முதல் பஸ்ஸில் இருந்தவர்கள் சக்தி இரண்டாவதில் இருப்பதாக நம்பினார்கள். இரண்டாவதில் இருந்தவர்கள் முதலாவதில் இருப்பதாக நம்பினார்கள். நம்பிக்கைதான் பள்ளியின் முதல் விழுமியம். மாதப்பன் கேட்டை வெளியிலிருந்து பூட்டிவிட்டு, தண்ணீர் டிரம்மோடு ஏறிக்கொண்டான்.

ஒட்டகச்சிவிங்கிக்கு முன்னால் வரிசை நின்றபோதுதான், விழுமியங்களில் போதிய பயிற்சி இல்லாத சிஸ்டர் க்ளோட்டில்டா பிள்ளைகளை இரண்டிரண்டாக எண்ணினார். கடைசியில் ஒற்றையாக ஒரு பையன் நின்றான்.

“தொண்ணூற்றொன்பது,” என்றார் ஆங்கிலத்தில். “ஒன்று குறைகிறதே?”

சவேரிராயனின் முகத்தில் தோன்றிய ஒளியை அன்று பார்த்தவர்கள் இன்றும் மறக்கவில்லை. நூறில் ஒன்று! அதுவும் பார்வையாளரின் கண்ணெதிரே! ஆணி பளபளவென்று அவர் மனக்கண்ணில் மின்னியது.

“எல்லா டீச்சரும் வாங்க! தேடணும்!”

“யார் காணோம்னு முதல்ல பாத்துடலாம் சார், பேர் கூப்பிட்டு,” என்றாள் சொர்ணலதா.

“யாருங்கறது முக்கியமில்ல மிஸ். ஒண்ணுங்கறதுதான் முக்கியம்.”

“சரி, இந்தத் தொண்ணூத்தொம்பதை யார் சார் பாத்துக்குவாங்க?”

“கதையில யார் பாத்துக்கிட்டாங்க?”

“அய்யோ, அது ஆடு சார்! ஆடு நின்ன எடத்துல புல்லு மேயும். இதுங்க மூணாங்கிளாஸ் சார்!”

“மிஸ், உங்க ப்ரொபேஷன் ஜனவரியில முடியுதில்ல?”

சொர்ணலதா தேடப் போனாள். நான்கு ஆசிரியைகளும் நான்கு திசைகளில் போனார்கள். மாதப்பன் டிரம்மை இறக்கிவைத்துவிட்டுப் போனான். தலைமையாசிரியர் எல்லோருக்கும் முன்னால், ஒரு கையில் குடையை மேய்ப்பனின் கோலைப் போல உயர்த்திப் பிடித்துக்கொண்டு போனார். போட்டோகிராபர் பின்னாலேயே ஓடினார்.

தொண்ணூற்றொன்பது பிள்ளைகளும் முழுதாக ஒரு நிமிடம் வரிசையில் நின்றார்கள். இது ஒலிவமலைப் பள்ளியின் ஒழுக்கத்துக்குச் சான்று. அதன்பின் நடந்ததை ஒழுங்குபடுத்திச் சொல்வது கடினம். பதினோரு பேர் வெளியே போய் மறுபடியும் டிக்கெட் வரிசையில் நின்றார்கள். ஏழு பேர் பாம்புகளின் கண்ணாடியைத் தட்டி ‘குட் மார்னிங்’ சொன்னார்கள். நான்கு பேர் ஒரு நீர்யானையை எழுப்புவதென்று சபதம் எடுத்து, பிரார்த்தனைப் பாடலை முதலிலிருந்து கடைசிவரை பாடினார்கள். அது எழுந்து தண்ணீருக்குள் போய்விட்டது. இன்னொரு கூட்டம், மண்டியாவிலிருந்து வந்திருந்த வேறொரு பள்ளியின் சாப்பாட்டு வரிசையில் கலந்து பிஸிபேளேபாத் வாங்கிச் சாப்பிட்டு, இரண்டாம் முறையும் வாங்கியது.

காவலாளி மஞ்சுநாத் ஊதலை ஊதி ஊதிக் களைத்து, குடையோடு வந்த சவேரிராயனை மறித்தார்.

“ஏன் சார் இது? ப்ராணிகளெல்லா ஒளகடெ இதாவே! நிம்ம மக்களே ஹொரகடெ!”

மிருகங்களெல்லாம் உள்ளேதான் இருக்கின்றன, வெளியே திரிவது உங்கள் பிள்ளைகள்தான் என்ற இந்தக் கூற்றைத் தலைமையாசிரியர் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

மூன்று மணி வரை தேடியும் காணாமற்போன ஒன்று கிடைக்கவில்லை. காணாமற்போகாத தொண்ணூற்றொன்பதும் கிடைக்கவில்லை. நுழைவாயில் ஒலிபெருக்கியில் பெயர்கள் வாசிக்கப்பட்டன. பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். எண்ணியபோது நூற்று நான்கு பேர் இருந்தார்கள். தலைமையாசிரியர் அந்த எண்ணிக்கையில் மனநிறைவடைந்தார். ஆனால், மண்டியா டீச்சர் ஒருத்தி கூச்சலிட்டபடி வந்து ஐந்து பேரைக் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கடைசியில் பதில் வராத பெயர் ஒன்றே ஒன்றுதான்.

“சக்தி,” என்றாள் சொர்ணலதா. “சார், சக்தி சார். எதிர்க்கட்டடத்துச் சரசுவோட பொண்ணு. ஆறு வயசு சார்.”

சவேரிராயனின் நினைவில் ஒரு பெஞ்ச் மங்கலாகத் தட்டுப்பட்டது. ஆனால், அது மிகவும் பக்கத்துப் பொருளாக இருந்தபடியால் அவருடைய தொலைநோக்கில் பதியவில்லை.

ஐந்து மணிக்கு பஸ்கள் திரும்பின. தாயிடம் செய்தியைச் சொல்லும் கடமையைத் தலைமையாசிரியர் தாமே ஏற்றார். வழியெல்லாம் ஆறுதல் வார்த்தைகளை ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். பக்கத்து இருக்கையில் சிஸ்டர் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். பின்னிருக்கையில் சொர்ணலதா அழுதுகொண்டிருந்தாள்.

பள்ளி கேட்டுக்கு வெளியே சரசு குந்தியிருந்தாள். தலைத்துணியில் சிமென்ட் தூசி.

“அம்மா, மனசைத் திடப்படுத்திக்கங்க,” என்று சவேரிராயன் தொடங்கினார். “உங்க பொண்ணு சக்தியை...”

“சத்தங் காட்டாதீங் சார், புரையேறிரும்,” என்றாள் சரசு. அவள் கை கேட் கம்பிகளுக்கு நடுவே உள்ளே நீண்டிருந்தது. அந்தக் கையில் ஓர் உருண்டைச் சோறு. அதை வாங்கிக்கொள்ள ஒரு வாய், ‘ஒரு குழந்தையும் விடுபடாது’ என்ற பலகைக்குக் கீழிருந்து வராந்தா பெஞ்சை இழுத்துக்கொண்டே கேட் வரைக்கும் வந்திருந்தது. பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே காலால் தள்ளித் தள்ளி நகர்த்தியிருந்தது. சிமென்ட் தரையில் எட்டு மீட்டருக்குக் கீறல்.

“சார்,” என்றாள் சக்தி, வாயில் சோற்றோடு. “இப்பக் கூப்பிட்டீங்களா சார்? எந்திரிக்கலாமா சார்?”

சொர்ணலதா கம்பிகளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள். எது முதலில் என்று சொல்ல முடியாது.

“ஏனுங் சார்,” என்றாள் சரசு, எழுந்து நின்று. “செருப்பில்லாத புள்ளைய உள்ள வெச்சுப் பூட்டிப்போட்டுக் கெளம்பிட்டீங்ளே. மேல சாரத்துல நின்னு பாக்கறன், நாயாட்டம் ஒத்தையில ஒக்காந்திருக்கறா. எந்திரிச்சு வாடின்னா, சார் கூப்படோணும்ங்கறா. நீங்கெல்லாம் படிச்சவீங்கதானுங்ளா?”

“என்ன சொல்கிறார்?” என்று சிஸ்டர் ஆங்கிலத்தில் கேட்டார்.

“நன்றி சொல்ல வார்த்தையே இல்லை என்கிறார், சிஸ்டர்,” என்றார் சவேரிராயன் ஆங்கிலத்தில். பிறகு சொர்ணலதாவைப் பார்த்தார். “ஜனவரி, மிஸ்,” என்றார் தமிழில்.

“ஆனால், இவள் எப்படி இங்கே வந்தாள்?”

“திரும்பி வந்துவிட்டாள், சிஸ்டர். விழுமியம் உள்ளே இருந்தால் வழி தானே தெரியும்.”

சிஸ்டர் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். போட்டோகிராபர் தம்மிடம் ஃபிலிம் ரோலில் ஒரே ஒரு படம் மிச்சம் இருப்பதாக அறிவித்தார். வரலாறு காத்திருந்தது. மாதப்பன் கேட்டைத் திறந்தான். சவேரிராயன் குனிந்து, காணாமற்போன ஆட்டைத் தோளில் தூக்கிவரும் மேய்ப்பனைப் போலவே சக்தியைத் தோள்களின் மேல் தூக்கி உட்காரவைத்தார். அவள் கால்கள் இரண்டும் அவர் மார்பில் தொங்கின. காமிரா உயர்ந்தபோது அவர் குனிந்து அவற்றைப் பார்த்தார். சட்டென்று தம் இரு கைகளாலும் அந்தப் பாதங்களை இறுகப் பொத்திக்கொண்டார்.

“கூசுதுங் சார்,” என்றாள் சக்தி.

“சிரி,” என்றார் அவர்.

அந்தப் படம் பெரிதாக்கப்பட்டு, சட்டமிடப்பட்டு, தலைமையாசிரியர் அறையில் ஆணிக்குப் பக்கத்திலேயே தொங்கவிடப்பட்டது. பார்த்தவர்களெல்லாம் உருகினார்கள். குறிப்பாக அந்தக் கைகள்! எவ்வளவு இறுக்கம், இனி ஒருபோதும் விடமாட்டேன் என்பதைப் போல! பெற்றோர் சங்கத் தலைவர் அதை வைத்துப் பத்து நிமிடம் பேசினார். உருவமும் உள்ளடக்கமும் இத்தனை பிசிறில்லாமல் பொருந்திய இன்னொரு படைப்பை இந்தப் பகுதியில் காட்ட முடியாது.

டிசம்பர் நடுவில் சிஸ்டர் க்ளோட்டில்டா கேடயத்தோடு வந்தார். அட்டைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தார். கண் கலங்கியது. அந்தக் குழந்தையைப் பார்க்க வேண்டும் என்றார். சொர்ணலதா சக்தியைக் கையைப் பிடித்து அழைத்துவந்து நிறுத்திவிட்டுக் கதவோரம் நின்றாள். ஆசிரியை எதையும் சொல்லவில்லை, ஜனவரி நெருங்கிக்கொண்டிருந்தது. ஆனால், இரண்டாம் வகுப்பின் ஆங்கிலப் பாடம் அவள் பொறுப்பு. கடந்த ஐந்து வாரமாக அவள் அதைச் சிரத்தையோடு நடத்தியிருந்தாள்.

“குழந்தாய்,” என்று சிஸ்டர் ஆங்கிலத்தில் நிதானமாகக் கேட்டார். “சார் ஏன் உன் கால்களை இவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கிறார்?”

சக்தி படத்தைப் பார்த்தாள். தலைமையாசிரியரைப் பார்த்தாள். கைகளைக் கட்டிக்கொண்டு, நிமிர்ந்து நின்று, ஒவ்வொரு சொல்லையும் தெளிவாக உச்சரித்தாள்:

“நோ ஷூ, சிஸ்டர். ஸோ நோ பஸ், சிஸ்டர். ஒன்லி பெஞ்ச்.”

சிஸ்டர் பெட்டியைத் திறக்கவில்லை. அதை மடியிலேயே வைத்துக்கொண்டு, திறந்த கதவு வழியே வராந்தா தரையில் பெஞ்ச் போட்ட கீறலை வெகுநேரம் பார்த்தார். பிறகு, பெட்டியோடு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

ஆணி இன்னும் சுவரில் இருக்கிறது. மாதப்பன் வாரம் ஒருமுறை எண்ணெய் தடவுகிறான். ஒலிவமலைப் பள்ளியில் விழுமியக் கல்வி பற்றி ஊரில் இரண்டு கருத்து இருக்கலாம். அங்கே ஆங்கிலம் நன்றாகச் சொல்லித்தருகிறார்கள் என்பதில் மட்டும் எவருக்கும் ஐயமில்லை.