பன்றிக்கும் பத்தியம்

யாராவது ஒரு வேளை சாப்பிடாமல் இருந்தால் போதும், அதற்குக் காரணம் சொல்லவென்றே பிறந்த ஓர் இனம் உண்டு. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். வரிச்சிக்குடியில் இருப்பவர் பெயர் சிவநாதன். மின்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தேவிகாவுக்குச் சித்தப்பா. ஆகவே அவள் வீட்டுக்கு வர அவருக்கு அழைப்பெல்லாம் வேண்டியதில்லை.

தேவிகா வளர்க்கும் வெண்பன்றி சித்திரை வெயிலில் பதினோரு குட்டி போட்டது. மறுநாளே தீவனத்தை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது. தாய் தின்னாவிட்டால் பால் ஏது? குட்டிகள் காம்பை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டுக் கத்தின. இரண்டு குட்டிகளுக்குக் கத்தவும் தெம்பில்லை. தேவிகா டாக்டருக்குப் போன் போட்டாள். "காய்ச்சல் இல்லம்மா, எப்படியாவது தின்ன வைங்க" என்று சொல்லிவிட்டுப் போன கால்நடை டாக்டரின் பைக் தெருமுனை திரும்புவதற்குள், சித்தப்பா கொட்டகைக்குள் நின்றார்.

"புள்ள பெத்த உடம்பும்மா இது! காத்து படலாமா? ஜன்னி கண்டுடும்!"

பத்தியம் தொடங்கியது. நாலு பக்கமும் சாக்கைத் தொங்கவிட்டார், மின்விசிறியை நிறுத்தினார், பச்சைத்தண்ணீர் ஆகவே ஆகாது என்று குழாயை மூடினார், சுக்குத் தட்டிப் போட்ட வெந்நீரைக் குழந்தைக்கு மருந்து வைப்பதுபோல் ஒரு கிண்ணத்தில் வைத்தார், பூண்டை வதக்கித் தவிட்டில் பிசையச் சொன்னார். பன்றி தின்றதா? ம்ஹூம்! அதற்கும் அவரிடம் காரணம் இருந்தது. காலையில் கண்திருஷ்டி. மத்தியானம், பூண்டு போதவில்லை. சாயங்காலம், அமாவாசை நெருங்குகிறதாம்.

மறுநாள் சோர்ந்த குட்டியைத் தூக்க உள்ளே போன தேவிகாவுக்கு மூச்சு முட்டியது. அப்படியொரு புழுக்கம். பன்றி வாயைத் திறந்து இரைத்துக்கொண்டு கிடந்தது. தன் தலைப்பிரசவத்தின்போது ஜன்னலை அடைத்த அறையில் ஒரு சொம்பு பச்சைத்தண்ணீருக்காக அழுதது அவளுக்கு நினைவு வந்தது. அன்றைக்கும் "குடுக்காதீங்க" என்று வாசலில் நின்று சொன்னவர் இதே சித்தப்பாதான். வந்ததே கோபம்!

"போதும் சித்தப்பா, வெளிய வாங்க!"

"உன் நல்லதுக்குத்தானேம்மா..."

"உங்க நல்லதுல ரெண்டு குட்டி செத்துடும் போலருக்கு. அந்தச் சாக்க அவுருங்க மொதல்ல!"

அவர் அவிழ்ப்பதற்குள் அவளே பிய்த்து எறிந்தாள். மின்விசிறி சுழன்றது. குழாயைத் திறந்து தொட்டியை நிரப்பினாள். பன்றி தள்ளாடி எழுந்து குடித்தது, குடித்தது, குடித்துக்கொண்டே இருந்தது. பழைய தவிட்டைக் கொட்டிவிட்டு, வெயில் தாழ்ந்ததும் புதுத் தீவனம் வைத்தாள். ஒரு பருக்கை மிச்சமில்லை. இரண்டு நாளில் அந்தச் சோனிக் குட்டிகளும் முட்டி மோதிப் பால் குடித்தன. தேவிகா அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

சித்தப்பா? டீக்கடையில் இருந்தார். "பாத்தீங்களா, நான் வச்ச பத்தியம் மெதுவாத்தான் புடிக்கும்!" என்றவர், குரும்பகரத்தில் யாரோ ஒருவரின் மருமகள் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று கேள்விப்பட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

நீங்கள் அப்படியில்லை என்கிறீர்களா? சந்தோஷம். ஆனால் பன்றி தின்னவில்லை என்று படித்தவுடனே, "கொஞ்சம் வெல்லம் கலந்து பாத்திருக்கலாமே" என்று உங்கள் நாக்கு துடித்ததே, அதை என்னவென்று சொல்வது? ஓடுங்கள், சித்தப்பாவின் ஸ்கூட்டரில் பின்சீட்டு காலியாகத்தான் இருக்கிறது.