டைம்-அவுட் அக்காவின் பதினெட்டு நொடி

"ஏட்டி, கடைசி நிமிஷத்துல உன்னெ நம்பி பந்தக் குடுக்கதுக்கு, கொண்டுபோய்ப் பேச்சிப்பாறை டேமுல போடலாம். அங்ஙனயாவது கொஞ்ச நேரம் மெதந்துட்டு கெடக்கும்."

இதை என்னிடம் சொன்னவர் என் பயிற்சியாளர் அல்ல. கூடைப்பந்தை வாழ்நாளில் ஒருமுறைகூடத் தொடாதவர். நாகர்கோவிலில் நான் பட்டப்படிப்பு படித்தபோது தங்கியிருந்த பெண்கள் விடுதியின் சமையல்காரர். ஒரு கூடைப்பந்து ஆட்டத்தின் கடைசி இரண்டு நிமிடங்களை அவரளவுக்கு அறிந்தவர்கள் அமெரிக்காவில் நாலு பேர் இருக்கலாம். ஆனால் அந்த நாலு பேருக்கும் நூற்றிருபது பெண்களுக்குப் புட்டு அவிக்கத் தெரியாது.

அவருக்கு நாங்கள் வைத்த பெயர் டைம்-அவுட் அக்கா.

கடற்கரை ஊர்க்காரர். அலைச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. பஹ்ரைனில் வேலை பார்த்த அவருடைய தம்பி விடுமுறைக்கு வந்தபோது தன் பழைய போனைக் கொடுத்துவிட்டுப் போனான். அதில் என்ன கோளாறோ, படம் ஓடாது, பாட்டு ஓடாது. அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து மட்டும் பளிச்சென்று ஓடும். அங்கே இரவில் நடக்கும் ஆட்டம் நமக்குக் காலையில் வரும். சரியாகப் புட்டுக்குழலில் ஆவி ஏறும் நேரம். உப்பு ஜாடியில் சாய்த்து வைத்த போனை அக்கா சும்மா பார்க்க ஆரம்பித்தார். மூன்றாவது மாதம் முதல், சமையலைத்தான் சும்மா செய்தார்.

அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் மொத்தம் நான்கு: டைம்-அவுட், ஃபவுல், ரீபவுண்ட், ஓ மை காட். மற்றதைத் திரையின் மூலையில் ஓடும் எண்கள் சொல்லிவிடும்.

"ஏலே நெட்டையா, பிடிலே! பதினாலு செகண்டு கெடக்கு, எதுக்குலே எறியுக? உனக்கென்ன பஸ்ஸுக்கு நேரமாச்சா?"

பஸ்ஸுக்கு நேரமானது எங்களுக்குத்தான். கடைசி இரண்டு நிமிடம் வந்துவிட்டால் அக்கா கரண்டியைக் கீழே வைத்து, இரண்டு கைகளாலும் 'டி' போட்டுக் காட்டி, "டைம்-அவுட்!" என்பார். அதன் பிறகு யாருக்கும் பயறு இல்லை, பப்படம் இல்லை. தட்டோடு வரிசையில் நிற்க வேண்டியதுதான். ஒருநாள் வார்டன் சிஸ்டரே இறங்கி வந்தார்.

"என்னம்மா இது? ரெண்டு நிமிஷம்னு சொன்ன, கால் மணிக்கூர் ஆச்சே."

"அது அவங்க ரெண்டு நிமிஷம் சிஸ்டர். கிளாக்கு நின்னு நின்னுல்லா ஓடும். இன்னும் பதினோரு செகண்டுதான் கெடக்கு. இப்பம் முடிஞ்சிரும்."

அந்தப் பதினோரு செகண்டு முடிய ஒன்பது நிமிடம் ஆனது. சிஸ்டர் கடைசிவரை நின்று பார்த்தார். மறுநாள் அவரே நாற்காலி கொண்டுவந்தார்.

ஆட்டம் முடிந்ததும் அக்காவுக்கு அவசரம் பிடிக்கும். விட்ட நேரத்தைப் பிடிக்க எங்களுக்கும் கிளாக் வைத்தார். புட்டுக்குப் பயறா, மட்டிப்பழமா என்று சொல்ல ஆளுக்குப் பத்து நொடி. "பத்து, ஒம்பது, எட்டு..." என்று அவர் எண்ணுவார், பூஜ்யத்துக்குள் வாய் திறக்காதவளுக்குப் பயறும் இல்லை, பழமும் இல்லை, வெறும் புட்டு. நான் புள்ளியியல் மாணவி. வெறும் புட்டு தொண்டையில் சிக்கிய ஒரு காலையில், அவர் எண்ணுவதைப் போனில் அளந்தேன். அக்காவின் பத்து நொடி, கடிகாரத்தில் ஆறு நொடி. ஒரு வாரம் தொடர்ந்து அளந்தேன். ஆறு, ஆறு, ஆறுக்குக் கொஞ்சம் கீழே, ஆறு. அவரிடம் காட்டினேன்.

"அப்போ உன் கிளாக்கு பைய ஓடுகு. கடையில குடுத்துப் பாரு."

எங்களுக்குள் பெரிய சண்டை எறிவதைப் பற்றித்தான். கூடைப்பந்தில் பந்து கைக்கு வந்தால் இருபத்துநான்கு நொடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும். ஆட்டம் முடிய நாற்பது நொடி இருக்கும்போது பந்து கிடைத்தால் சட்டென்று எறிந்துவிட வேண்டும் என்பது அக்காவின் கட்சி. எதிரணி தன் இருபத்துநாலையும் தின்று தீர்த்தாலும் நமக்கு இன்னொரு எறிக்கு நேரம் மிஞ்சும். நமக்கு ரெண்டு, அவனுக்கு ஒண்ணு. ஆனால் இருபத்துநாலுக்குக் கீழே வந்துவிட்டால் உயிரே போனாலும் பந்தை விடக்கூடாது. அவசரத்தில் எறியும் எறி கூடைக்குள் விழும் வாய்ப்புக் குறைவு, ஆகவே எப்போது ஆள் மறைக்காத இடம் கிடைக்கிறதோ அப்போது எறிவதே சரி என்பது என் கட்சி. நான் தாள் எடுத்து எழுதிக் காட்டுவேன். அக்கா அந்தத் தாளில் பப்படத்தின் எண்ணெயை ஒற்றுவார்.

பிறகு அந்தப் பயிற்சி ஆட்டம் வந்தது. வேறொரு கல்லூரியோடு. நாங்கள் ஒரு புள்ளி முன்னால். இருபத்திரண்டு நொடி மிச்சம். பந்து என் கையில். சும்மா தட்டிக்கொண்டு ஓடியிருந்தாலே ஜெயித்திருப்போம். எனக்கு முன்னால் யாரும் இல்லை, தூரத்துக் கோட்டில் நிற்கிறேன், மைதானம் முழுக்க என்னைப் பார்க்கிறது. எறிந்தேன். வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்தை எடுத்துக்கொண்டு ஓடி அவர்கள் ஜெயித்தார்கள்.

யாரோ எடுத்த வீடியோ அன்றைக்கே சமையலறைக்குப் போய்விட்டது. ஒருத்தியின் போனில் அதைப் பார்த்துவிட்டு அக்கா சொன்னதுதான் நான் முதலில் எழுதிய வாக்கியம். சிரித்தபடி சொல்லியிருந்தால் மறந்திருப்பேன். அவர் சிரிக்கவில்லை.

எனக்கு ஏன் அது அவ்வளவு தைத்தது என்று சொல்லிவிடுகிறேன். கீரிப்பாறையில் ரப்பர் பால் வெட்டும் குடும்பம் எங்களுடையது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து படித்த முதல் ஆள் நான். அதை நான் மறைத்ததும் இல்லை, அடக்கத்தோடு சொன்னதும் இல்லை. பட்டம் முடித்ததும் உடற்கல்வி ஆசிரியர் படிப்பில் சேர வேண்டும்; விளையாட்டு ஒதுக்கீட்டில்தான் எனக்கு இடம் கிடைக்கும்; அதற்குப் பல்கலைக்கழக அணியில் ஆடிய சான்றிதழ் வேண்டும். அந்த அணிக்கு ஆள் எடுப்பவர்கள் மண்டல இறுதி ஆட்டத்துக்கு வருவார்கள். ஜெயிக்கும் அணியில் மூன்று பேர், தோற்கும் அணியில் ஒருவர். தோற்றால் அந்த ஒருவர் எங்கள் கேப்டன்தான்; அவளை விட்டு என்னை எடுக்க யாருக்கும் பைத்தியமில்லை. கடைசி வருடம். மறு வாய்ப்பு கிடையாது.

அம்மா போனில் சொன்னாள்: "கிட்டலைன்னா வா மக்களே. மரம் ஒண்ணும் ஓடிப் போவாது."

ஆறுதலாகத்தான் சொன்னாள். எனக்கு அது தீர்ப்பாகக் கேட்டது.

இறுதி ஆட்டம் எங்கள் கல்லூரி மைதானத்திலேயே நடந்தது. அக்கா, "ராத்திரி எல்லாத்துக்கும் கஞ்சிதான், ஆரும் வாய் தொறக்கப்பிடாது" என்று அறிவித்துவிட்டு, அடுப்பை அணைத்து, சிஸ்டர் உட்பட விடுதி முழுவதையும் திரட்டிக்கொண்டு வந்துவிட்டார். மைதானத்துக்கு ஒரு பக்கம் நூலகச் சுவர். அதையொட்டிப் படிக்கட்டு. அதில் நூறு பெண்கள், நடுவில் அக்கா.

முதல் மூன்று கால் பகுதிகளைப் பற்றிச் சொல்ல எனக்கே ஞாபகம் இல்லை. நான்காவதில் அவர்கள் ஏறினார்கள், நாங்கள் ஏறினோம். மேற்கு வெயில் நேராக ஸ்கோர் பலகையில் அடித்தது; சிவப்பு எண்கள் ஒன்றுமே தெரியவில்லை. மேசையில் இருப்பவர்கள் கையால் மறைத்துக் குனிந்து பார்த்தார்கள். ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். அவர்கள் எறிந்த பந்து வளையத்தில் பட்டு வெளியே வர, எங்கள் கேப்டன் பாய்ந்து பிடித்தாள். எங்கள் பயிற்சியாளர் மேடம் டைம்-அவுட் கேட்டார். மிச்ச நேரத்தை மேசையிலிருந்து உரக்க அறிவித்தார்கள்.

"பதினெட்டு செகண்ட்," என்றார் மேடம். "பந்து உங்கிட்டதான் வரும். அவசரப்படாத. ஏழு செகண்டு இருக்கும்போது உள்ள போ. போர்டு தெரியுதா?"

"தெரியல மேடம்."

"நான் கத்துகேன்."

பந்து என் கைக்கு வந்ததும் மேடம் வாய் திறந்ததைப் பார்த்தேன். கேட்கவில்லை. கேட்டது வேறு குரல்.

"பதினெட்டு! பதினேழு! பதினாறு!"

அக்கா எழுந்து நின்று எண்ணிக்கொண்டிருந்தார். ஐந்தாவது எண்ணில் விடுதி முழுவதும் சேர்ந்துகொண்டது. சிஸ்டரும்தான். நூறு குரல்கள், ஒரே சுருதியில், அக்காவின் வேகத்தில்.

பந்தைத் தட்டிக்கொண்டே நின்றேன். என் முன்னால் நின்ற பெண், அந்தக் குரலைக் கேட்டு, என் கையையும் கண்ணையும் மாறி மாறிப் பார்த்தாள். எனக்கு ஒரு கணக்கு ஓடியது. பத்துக்கு ஆறு. பதினெட்டுக்குப் பதினொன்று. அக்கா பூஜ்யம் சொல்லும்போது எனக்கு ஏழு நொடி இருக்கும். மேடம் கேட்ட அதே ஏழு.

"பதினொண்ணு! பத்து!"

இருக்குமா? மெஸ்ஸில், புட்டு வரிசையில் அளந்த கணக்கு. இன்றைக்கு ஒருநாள் அவர் ஒழுங்காக எண்ணினால்? அவருக்கு எதிரில் உப்பு ஜாடி இல்லை, போன் இல்லை. முன்னால் நடப்பது நிஜ ஆட்டம். ஒருவேளை இன்று ஒவ்வொரு நொடியும் நொடியாகவே இருந்தால், நான் இப்படியே நின்று என் படிப்பைத் தொலைத்துவிட்டுக் கீரிப்பாறை பஸ்ஸில் ஏற வேண்டியதுதான்.

"அஞ்சு! நாலு!"

வலப்பக்கம் ஓர் இடைவெளி திறந்தது. தூரம்தான், ஆனால் ஆள் இல்லை. போன மாதம் என்றால் எறிந்திருப்பேன். விரல்களுக்கு எறியத்தான் தெரியும். அவற்றைப் பிடித்து நிறுத்துவதற்கு, பந்தைப் பிடிப்பதைவிட அதிக பலம் வேண்டியிருந்தது.

"மூணு! ரெண்டு!"

என்னை மறித்தவளின் கால்கள் தவித்தன. இப்போது நான் எறிந்தே ஆக வேண்டும் என்று அவளுக்கு நிச்சயம். பந்தைத் தலைக்கு மேலே தூக்கினேன்.

"ஒண்ணு!"

அவள் எம்பினாள். ஒரு ஆள் உயரத்துக்கு எம்பினாள். நான் எறியவில்லை.

"பூஜ்யம்!"

மைதானத்தில் ஒரு விநாடி அதிசயம் நடந்தது. எதிரணியில் இருவர் கைகளைத் தூக்கிவிட்டார்கள். ஒருத்தி இன்னொருத்தியைக் கட்டிப்பிடித்துவிட்டாள். ஹூட்டர் ஊதவில்லை என்பதை அவர்கள் யாரும் கவனிக்கவில்லை. நான் எம்பியவளின் கைக்குக் கீழே குனிந்து, உள்ளே நுழைந்து, இரண்டு அடி வைத்து உயர்ந்தேன். அவர்களில் ஒரு நெட்டைப் பெண் மட்டும் விழித்துக்கொண்டு ஓடிவந்து என் கை மேல் ஓங்கி அடித்தாள். விசில்.

நடுவர் மேசைக்குப் போய்க் குனிந்து பார்த்தார். இரண்டு விரலைக் காட்டினார். இன்னும் இரண்டு நொடி. எனக்கு இரண்டு இலவச எறிகள்.

இதற்குக் கிளாக் கிடையாது. நின்றுவிட்ட கடிகாரத்தில் எண்ணுவதற்கு அக்காவிடம் ஒன்றும் இல்லை. முதல் எறி, வலையை மட்டும் தொட்டு விழுந்தது. சமம்.

இரண்டாவதற்குப் பந்தை வாங்கும் முன் என்னையறியாமல் படிக்கட்டைப் பார்த்தேன். நூறு பெண்கள் என்னைப் பார்த்து நின்றார்கள். நடுவில் ஒரு முதுகு. உலகத்தில் எவன் எவனுடைய கடைசி நொடியையோ கண் இமைக்காமல் பார்த்தவர், திரும்பி நூலகச் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றார். ஒரு கையால் சுவரைப் பிடித்திருந்தார், அது விழுந்துவிடும் என்பதுபோல.

எறிந்தேன். வளையத்தின் முன்விளிம்பில் பட்டது. மேலே எழும்பியது. பின்விளிம்பில் பட்டது. என் அம்மா கத்தியும் வாளியுமாக ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குப் போகுமளவு நேரம் அது அங்கேயே யோசித்தது. பிறகு உள்ளே விழுந்தது.

மிச்ச இரண்டு நொடியில் அவர்கள் விட்டெறிந்த பந்து எதையும் தொடவில்லை.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு அக்கா வந்தார். கட்டிப்பிடிப்பார் என்று நினைத்தேன்.

"ஏட்டி, நான் பூஜ்யம் சொன்ன பொறவும் எதுக்கு உள்ள போன?"

"அக்கா, ஏழு செகண்டு கெடந்துது."

"ஏழா? பொறவு எதுக்கு இம்புட்டு சீக்கிரம் போன? இன்னும் மூணு செகண்டு பிடிச்சிருக்கலாம்லா?"

"கடைசி எறிய நீங்க பாத்தியளா?"

"பாக்காம? நல்லா பாத்தேன்," என்றார். நெற்றியில் சுண்ணாம்பு வட்டமாக ஒட்டியிருந்தது. "கொள்ளாம், மோசமில்ல. போய்க் கஞ்சியக் குடி."

பல்கலைக்கழக அணியில் என் பெயர் மூன்றாவதாக வந்தது. சான்றிதழ் வந்தது, உடற்கல்விப் படிப்பில் இடமும் கிடைத்தது. சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. வரும் சனிக்கிழமை இந்தக் கல்லூரி அணிக்காக என் முதல் ஆட்டம். வாசலில் இருக்கும் வாட்ச்மேன் அண்ணனிடம் சொல்லிவிட்டேன்: தூக்குவாளியோடு ஒரு அக்கா வருவார், சத்தமாகப் பேசுவார், பயப்படாமல் உள்ளே விடுங்கள். மைதானத்தின் ஓரத்தில் அவருக்கு ஒரு நாற்காலியும் போட்டுவிட்டேன். சுவருக்கு மிகப் பக்கத்தில்.