சார்ஜ் எவ்ளோ இருக்குங்க?

கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே பெரிய பயந்தாங்கொள்ளி யார் என்று ஒரு போட்டி வைத்தால், எங்கள் சார்ஜ் அண்ணன் கலந்துகொள்ளமாட்டார். போகிற வழியில் ஏதாவது ஆகிவிட்டால்?

அப்படிப்பட்ட மனுஷருக்கு வேலை எங்கே தெரியுமா? அவசர அழைப்பு மையத்தில், அப்போது எனக்குப் பக்கத்து நாற்காலி. டூட்டியில் தண்ணீர் குடிக்கமாட்டார். பாத்ரூம் போன நேரம் பார்த்து போன் வந்துவிடுமாம். இடி இடித்தால் காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொள்வார். எல்லாவற்றுக்கும் மேல், பேச்சு நடுவே லைன் கட்டாகிவிடுமோ என்ற பயம். அதனால் யார் கூப்பிட்டாலும் முதல் கேள்வி, "சார்ஜ் எவ்ளோ இருக்குங்க?"

நைனார்பாளையத்துக்காரர் ஒருவர் பொரிந்து தள்ளினார். "யோவ், இங்க வைக்கப்போரு எரிஞ்சிக்கினு இருக்குது. நீ இன்னா சார்ஜ் கேட்டுக்கினு இருக்க?"

"கோச்சிக்காதீங்க. எவ்ளோங்க?" என்றார் அண்ணன், நடுங்கிக்கொண்டே.

இந்த லட்சணத்தில், அழைப்பை வாங்கி இடம் காட்டும் கம்ப்யூட்டர் கருவி மாவட்டத்துக்கு ஒன்று எதற்கென்று சுற்றுவட்ட மாவட்டங்களுக்கெல்லாம் ஒரே கருவியைப் பொதுவாக்கினார்கள். எங்கிருந்து கூப்பிட்டாலும், எந்த மாவட்டத்தில் ஆள் சும்மா இருக்கிறாரோ அவருக்கு மணி அடிக்கும். திரையில் வரைபடத்தின்மேல் ஒரு சிவப்புப் புள்ளி விழும். அங்கே ஆம்புலன்ஸ் போகவேண்டும்.

"புள்ளி பொய் சொன்னா இன்னா பண்றது?" என்று அண்ணன் கேட்டார். எல்லோரும் சிரித்தோம். அவரோ லீவு நாளில் கல்வராயன் மலைக்கு பஸ் ஏறிவிட்டார், வளைவுக்கு வளைவு கண்ணை மூடி, கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு. மலையில் பல ஊர்களில் வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. ஏறி நின்று பேச ஊருக்கொரு பாறையோ மேடோ இருக்கும். அதையெல்லாம் விசாரித்து நோட்டில் எழுதிக்கொண்டு வந்தார். "பைத்தியம் முத்திப்போச்சு" என்று நானே சொன்னேன்.

போன மழைக்காலத்தில் ஒரு மத்தியானம். மலையிலிருந்து வந்த அழைப்பு, மலைக்கு அந்தப் பக்கத்து மாவட்ட மையத்தில் டூட்டியில் இருந்த ஒரு பெண்ணுக்குப் போய்விட்டது. "பொண்டாட்டிக்கு வலி வந்துட்டுதுங்க... பாறை வழுக்குது..." அதோடு லைன் கட். புள்ளி அவர்கள் பக்கத்து அடிவாரத்தில் விழுந்திருந்தது. அந்தப் பெண் அங்கே வண்டியை அனுப்பிவிட்டாள்.

பொதுக் கருவியாயிற்றே, அந்தப் பதிவு எங்கள் திரையிலும் வந்தது. அடுத்தவர் பதிவைப் போட்டுக் கேட்பது அண்ணனின் வியாதி. கேட்டவர் முகம் வெளுத்துவிட்டது.

"கீழ இருக்கிறவன் எதுக்கும்மா பாறைமேல ஏறிப் பேசறான்? இவன் மலைமேல இருக்கான். புள்ளி ஆளைக் காட்டல, அடிவாரத்து டவரைக் காட்டுது. வண்டி தப்பா போய்க்கினு இருக்குதும்மா!"

அவர் அந்த நம்பரைத் திருப்பித் திருப்பிக் கூப்பிட்டார். தொடர்பு எல்லைக்கு வெளியே, வெளியே, வெளியே. பதினாலாவது தடவை எடுத்தார்கள்.

"சார்ஜ் எவ்ளோ இருக்குங்க?"

"நாலுதாங்க. அவ கத்திக்கினு இருக்காங்க..."

"நீங்க பேசாதீங்க. ஆமா, இல்லன்னு மட்டும் சொல்லுங்க. கரியாலூர் தாண்டியா?"

"ஆமாங்க."

"ரெட்டைப் பாறையா?"

"இல்லீங்க."

"ஓடை ஓரத்துப் பாறையா?"

"ஆமாங்க, ஆமா..."

போன் அணைந்துவிட்டது. ஓடை ஓரத்துப் பாறை எந்த ஊர் என்று நோட்டில் இருந்தது. மலைமேல் கரியாலூரில் நின்ற எங்கள் வண்டியை அங்கே விரட்டினோம்.

அப்புறம் நாற்பது நிமிஷம் ஒரு தகவலும் இல்லை. தெரிந்த சாமியையெல்லாம் கும்பிட்டேன். அண்ணன் மேசையைப் பிடித்திருந்தார், மேசையே ஆடியது. "நான் தப்பா சொல்லியிருந்தா ரெண்டு உசுரும்மா" என்றார். மற்ற நாளாக இருந்தால் கேலி பண்ணியிருப்பேன். அன்றைக்கு என் நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

டிரைவர் கூப்பிட்டார். "வண்டியிலயே பொறந்துட்டுதுங்க. பொம்பளப்புள்ள. தாயும் புள்ளயும் நல்லா இருக்காங்க."

அண்ணன் சிரிக்கக்கூட இல்லை. "என்னால எழுந்திரிக்க முடியலம்மா, கொஞ்சம் புடிச்சிக்கோ" என்றார். பிடித்துக்கொண்டேன். கை ஐஸ்கட்டியாக இருந்தது.

நான் அந்த வேலையை விட்டு வந்துவிட்டேன். என் வீட்டில் யாருக்காவது ஓர் ஆபத்து என்றால், தைரியசாலி ஒருத்தரும் வேண்டாம் சாமி, அந்த மனுஷரே போனை எடுக்கட்டும்.