நேர்ந்துவிட்ட சேவலும் வந்துசேர்ந்த நிதியும்

சின்னமனூர்,
செவ்வாய்க்கிழமை.

கருப்பசாமி கோயில் பூசாரியும், என் வீட்டுக்காரியின் உடன்பிறந்த அண்ணனுமாகிய அன்புள்ள மச்சான் அழகுமலை அவர்களுக்கு,

மாப்பிள்ளை வேல்பாண்டி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நானும், உங்கள் தங்கச்சி மாரீஸ்வரியும், உங்கள் மருமகளாகிய என் மகள் சுபாஸ்ரீயும், கல்யாணத்தன்றிலிருந்து நீங்கள் கேலி செய்துவரும் என் மீசையும் நலம். அங்கே அக்காவும் பிள்ளைகளும் ஆடுமாடுகளும் நலந்தானே? போனிலேயே சொல்லியிருப்பேன். நீங்கள் போனில் பேசினால் டீக்கடை முழுக்கக் கேட்கும். இது நீங்களும் கருப்பனும் மட்டும் கேட்கவேண்டிய விஷயம். கடிதத்தைப் படித்துவிட்டு அவர் காலடியில் வைத்துவிடுங்கள்.

சுபாவுக்கு ஆராய்ச்சி நிதி கிடைத்துவிட்டது. சந்தோஷப்பட்டுவிடாதீர்கள், மேலே படியுங்கள். கால்நடைப் பல்கலைக்கழகத்தில் அவள் பார்க்கும் தற்காலிக வேலை பங்குனியோடு முடிகிறது. நிதி வந்தால் இங்கேயே நாட்டுக்கோழிகளின் நோயை ஆராய்வாள், வராவிட்டால் ஐதராபாத்தில் மருந்துக் கம்பெனிக்கு விற்பனை வேலைக்குப் போவாள் என்று இருந்தது. பிள்ளை போய்விடுவாளே என்ற பயம் எனக்கு. அந்தப் பயத்தில் நான் செய்த காரியத்தால்தான் இப்போது சோறு இறங்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். போன வருஷம் கோழிகளின் ரத்தம் எடுக்கப் பொட்டிப்புரம் போனாள். வண்டி ஓட்டியது நான். எந்த வீட்டு வாசலில் நின்றாலும் ஒரே பதில்தான், "இது சாமிக்கு நேந்து விட்டது தாயி." சரி, நேர்ந்ததாகவே இருக்கட்டும், ஒரு சொட்டு ரத்தம்தானே என்றால் அதுவும் கூடாதாம், ஊசி ஏறின உடம்பு சாமிக்கு ஆகாதாம். பவுனு என்று ஒரு அம்மா, அந்த அம்மாதான் இதில் கறார். நான் விடவில்லை. "ஏம்மா, சாமி இருக்கிற வேலையில ஊசி ஓட்டையவா தேடிக்கிட்டிருக்கப் போறாரு?" என்றேன். "ஏன், அவருக்குக் கண்ணு இல்லையா?" என்றது அந்த அம்மா. ஊர்க்கோழியெல்லாம் சாமிக்கென்றால் ஞாயிற்றுக்கிழமை குழம்பில் கொதிப்பது யாருடையது என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. மகள் முறைத்தாள், மீசையைத் தடவிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

அந்தக் கோடையிலேயே வெள்ளைக் கழிச்சல் வந்தது மச்சான். சாயங்காலம் மேய்ந்த கோழி விடிகாலையில் தலையைத் திருகிக்கொண்டு கிடக்கும், நீங்களும் பார்த்திருப்பீர்கள். பவுனு வீட்டில் ஒட்டுமொத்தமும் போய்விட்டது. நாங்கள் போனபோது அந்த அம்மா குழிவெட்டி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தது. "படிச்ச புள்ளைல்ல நீ, சொல்லு, என்ன செய்யலாம்?" என்று கேட்டது. அன்றைக்குச் சுபா சாப்பிடவில்லை, அவள் சாப்பிடாததால் நானும் சாப்பிடவில்லை, எங்களைத் திட்டித்திட்டி உங்கள் தங்கச்சியும் சாப்பிடவில்லை. ஒரு வாரம் கழித்துப் பவுனு பஸ் ஏறி எங்கள் தீவனக் கடைக்கே வந்தது. கூடையில் ஒரு கீரி நிறச் சேவல், அந்தக் கூட்டத்தில் தப்பித்தது அது ஒன்றுதான். "ஊசி குத்திக்க தாயி. சாமிக்குன்னு வச்சதெல்லாம் குழிக்குப் போயிருச்சு. இது மட்டும் ஏன் சாகலன்னு எனக்குக் கண்டுபிடிச்சுச் சொல்லு" என்று கொடுத்துவிட்டுப் போனது.

அந்தக் கேள்விதான் மச்சான் ஆராய்ச்சி. அந்தச் சேவலும் அதன் வாரிசுகளும் ஏன் நோய்க்கு அசரவில்லை என்று பார்ப்பது. இதை விண்ணப்பமாக எழுத அவள் பட்ட பாடு இருக்கிறதே! எதிர்பார்க்கும் பலன் என்ன என்று கேட்டிருந்தார்கள். "கோழி சாகாது"ன்னு எழுதும்மா என்றேன். அதையே அவள் யாருக்கும் புரியாதபடி நாலு பக்கம் எழுதினாள். பிறகு கோழி வளர்ப்பவர்களின் சம்மதம் வேண்டும் என்றார்கள், கோழியைத் துன்புறுத்தமாட்டோம் என்று நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும் என்றார்கள். இனி கோழிகிட்டயே கையெழுத்து வாங்க வேண்டியதுதான் பாக்கி என்று வீட்டில் சொல்லிச் சிரித்தேன்.

கடைசி நாள் இங்கே கரண்ட் இல்லை. தேனிக்கு ஓடினோம், அல்லிநகரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர். சேவலும் கூடவே வந்தது, அன்று அதற்கு ரத்தம் எடுக்கும் முறை. ஐந்து மணியோடு விண்ணப்பம் வாங்குவதை மூடிவிடுவார்கள், திரையில் சக்கரம் சுற்றுகிறது, சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. சுபா நகத்தைக் கடிக்கிறாள். நான் கண்ணை மூடி, "கருப்பா, இந்த நிதி வந்தா இந்தச் சேவல உனக்கே தந்துர்றேன்" என்றுவிட்டேன். கூடைக்குள்ளிருந்து கொக்கரக்கோ என்று ஒரு சத்தம், சக்கரம் நின்றது, விண்ணப்பம் ஏறிவிட்டது. கருப்பன் ஏற்றுக்கொண்டார் என்று நினைத்தேன். இப்போது யோசித்தால் சேவல் ஆட்சேபம் தெரிவித்ததோ என்று தோன்றுகிறது.

எங்கள் குலசாமி சைவம் மச்சான். அந்த அம்மனைக் கூப்பிட்டிருந்தால் ஒரு பானைப் பொங்கலோடு போயிருக்கும். ஆபத்தென்றால் உங்கள் தங்கச்சி "கருப்பா" என்றுதான் கத்துவாள், கேட்டுக்கேட்டு எனக்கும் அதே வாயில் வந்துவிட்டது. சேவலை வெட்டினால் ஆராய்ச்சியே இல்லை, வெட்டாவிட்டால் சாமிக்குச் சொன்ன சொல் பொய். அதைவிட, அந்தச் சேவல் என்னுடையதே இல்லை. குழிமேட்டில் நின்ற ஒரு பொம்பளை மகளை நம்பிக் கொடுத்தது. அடுத்தவர் நம்பிக்கையைத் தூக்கி நான் நேர்ந்திருக்கிறேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. எல்லாம் பிள்ளை பக்கத்திலேயே இருக்கவேண்டும் என்ற ஆசை, வேறென்ன சொல்ல.

ஆகவே தாங்கள் வெள்ளிக்கிழமை பூக்கட்டிப் போட்டு, அந்தச் சேவலுக்குப் பதில் வேறு சேவல் சம்மதமா என்று கருப்பனிடம் கேட்கவேண்டும். சம்மதம் என்று வெள்ளைப் பூ வரும்வரை போடுங்கள். சுபாவுக்குத் தெரியவேண்டாம்.

அக்காவுக்கு வணக்கமும் பிள்ளைகளுக்கு ஆசியும். கருப்பன் உங்கள் கிடையையும் எங்கள் கூண்டையும் சேர்த்தே காக்கட்டும்.

இப்படிக்கு,
மீசைக்கார மாப்பிள்ளை
வேல்பாண்டி

பி.கு.: பூப்போட வேண்டாம். உறையை ஒட்டுவதற்குள் மாரீஸ்வரி இதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "அந்தச் சேவலுக்கு வந்த நாள்லயிருந்து ஊசி குத்திக்கிட்டிருக்கா உங்க மக. ஊசி ஏறின உடம்பு எங்க கருப்பனுக்கு எப்படி ஆகும்? பவுனு சொன்னாகள்ல?" என்கிறாள். நியாயந்தானே! எனக்கு உயிர் வந்தது. அப்படியானால் யார் வேண்டியதற்கு நிதி வந்தது என்று அவளிடம் கேட்டேன். அவள் தனியாக வேண்டியிருக்கிறாள். நிதி வந்தால் என் மீசையைக் கருப்பனுக்குக் காணிக்கையாக எடுப்பதாக. கொதித்துவிட்டேன். "என்னயக் கேக்காம என் மீசைய எப்படி நேரலாம்?" என்றேன்.

"நீங்க சேவலக் கேட்டா நேந்தீக?" என்றாள்.

வெள்ளிக்கிழமை வருகிறோம். சவரக்காரரை இருக்கச் சொல்லுங்கள்.