கொய்ங் அண்ணன் சத்தத்தை நிறுத்திய கதை

திருத்தணியில் கடவுளைத் தவிர மற்ற எல்லாரையும் ஒரே கிடாரால் சோதித்தவர் கொய்ங் அண்ணன்தான். கடவுளைப் பற்றியும் உறுதியாகச் சொல்ல முடியாது. அண்ணன் வாசித்தது அவருடைய ஆலயத்தில்.

வாரநாளில் அண்ணன் ஆர்.கே.பேட்டை டவுன் பஸ் ஓட்டுவார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் சின்னச் சர்ச்சில் எலெக்ட்ரிக் கிடார். பக்கத்தில் கீ-போர்டு நான். கிடாரை ஸ்பீக்கரில் செருகியதுமே ‘கொய்ங்ங்’ என்று ஓர் இரைச்சல் கிளம்பும். அதுவே அவருக்குப் பேராகவும் ஒட்டிக்கொண்டது. பெண் கல்யாணப் பத்திரிகையில் அவருடைய உண்மையான பெயரைப் பார்த்துவிட்டு, “பொண்ணோட அப்பா இல்லையா?” என்று துக்கம் விசாரித்தவர்கள் உண்டு.

கோளாறு பிக்கப்பில். தந்திகளுக்கு அடியில் இருக்கும் காந்தமும் செம்புக் கம்பிச் சுருளும்தான் பிக்கப். ஒற்றைச் சுருளாக இருந்தால் தந்தியின் அதிர்வோடு, சுற்றுவட்டாரத்து ஒயர்களின் இரைச்சலையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். நிற்கிற திசையைப் பொறுத்து அது கூடும், குறையும். ஆகவே அண்ணன் வாசித்துக்கொண்டே மெல்ல மெல்லத் திரும்புவார். கடைசியில் சபைக்கு முதுகைக் காட்டி, மேடைப் பக்கத்து வாசலைப் பார்த்து நிற்பார். அங்கேதான் இரைச்சல் குறைச்சலாம். லேட்டாக வருகிறவர்கள் தங்களைத்தான் முறைக்கிறார் என்று பயந்து நேரத்துக்கு வர ஆரம்பித்தார்கள்.

அப்போது புதிதாக ஒரு பாஸ்டர் வந்தார். சின்ன வயசு, பஞ்சு மாதிரிக் குரல். முதல் ஞாயிறே ஜெபத்தின் நடுவில் கண்ணைத் திறந்து, “கூரையில தேன்கூடு இருக்குதுங்களா?” என்று கேட்டார். விஷயம் தெரிந்ததும் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: “அறுப்பின் பண்டிகைக்குள்ள சத்தம் நிக்கணும்ணே. இல்லன்னா கிடார் நிக்கணும்.”

அண்ணன் ஆடிப்போனார். இரைச்சல் இல்லாத பிக்கப் என்று ஒரு வகை உண்டு. பார்க்க ஒற்றைச் சுருள் மாதிரியே இருக்கும். உள்ளே ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு. மேலே உள்ளதன் இரைச்சலைக் கீழே உள்ளது தின்றுவிடும். ஆன்லைனில் மூன்று வரவழைத்தார்.

சாப்பாட்டு மேசையில் ஆபரேஷன். டார்ச் பிடித்தது நான். ஒவ்வொரு பிக்கப்பிலிருந்தும் நாலு ஒயர் நீட்டிக்கொண்டிருந்தது. பஸ் ஸ்டியரிங் பிடித்த கையில் சால்டரிங் அயர்ன் தீக்குச்சி மாதிரி இருந்தது. ஒயரைப் பற்றவைத்தார், விரலைப் பற்றவைத்தார், மேசை விரிப்பையும் கொஞ்சம் பற்றவைத்தார். எல்லாம் முடிந்து ஸ்பீக்கரில் செருகினால், கொய்ங்ங்!

அண்ணன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். “புதுசு மாட்டியும் அதே சத்தம்டா. இது கிடார்ல இல்ல, என் தலையெழுத்துல கீது.”

அவர் மனைவி ரூத் அக்கா நகரி பக்கத்துப் பெண், ஆஸ்பத்திரி நர்ஸ். காய் நறுக்குவதை விட்டுவிட்டு வந்து, பிக்கப்போடு வந்த படத்தைப் பார்த்தார்.

“பாவா, இந்த ரெண்டு ஒயரும் ஒண்ணோட ஒண்ணு சேரணும்னுதான போட்டுக்கிது. நீ ஏன் ரெண்டையும் இட்டுனு போய் எர்த்துல கட்டின?”

அதாவது, இரைச்சலைத் தின்ன வேண்டிய சுருளை அண்ணன் வேலையே செய்ய விடவில்லை. அக்கா ஊசி போடும் நிதானத்தோடு அந்த ஜோடிகளைப் பிரித்தெடுத்து, முறுக்கிப் பற்றவைத்து, டேப் சுற்றினார். மறுபடி செருகினோம். ஸ்பீக்கரில் சத்தமே இல்லை. செத்துவிட்டதோ என்று அண்ணன் பயந்து ஒரு தந்தியைத் தட்ட, தண்ணீர் சொட்டு மாதிரி விழுந்தது அந்த ஒலி. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

பண்டிகையன்று அண்ணன் முதல் தடவையாகச் சபையைப் பார்த்து நின்றார். பாட்டு முடிந்தது. பாஸ்டர் ஜெபிக்க, அண்ணன் பின்னணியில் மெதுவாக வாசித்தார். அப்படி ஒரு அமைதி. அந்த அமைதியில், ‘ம்ம்ம்...’

எல்லாரும் கண்ணைத் திறந்தார்கள். பாஸ்டர் கிடாரைப் பார்த்தார். நான் அவசரமாக ஒயரைப் பிடுங்கினேன். ‘ம்ம்ம்’ நிற்கவில்லை. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு, ராகத்தைச் சுருதிக்கு அரைப்படி கீழே முனகிக்கொண்டிருந்தார். இத்தனை வருஷமாக அந்தக் கொய்ங் இதை மூடி மறைத்திருக்கிறது!

ரூத் அக்கா முன்வரிசையிலிருந்து எட்டி இடித்தார். “பாவா, நீ முனகிகினு கீற.”

“நானா?”

சத்தியமாக அவருக்கே தெரியாது. முகம் செத்துவிட்டது. பண்டிகைச் சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் போய்விட்டார். அடுத்த ஞாயிறு வரவில்லை. போய்ப் பார்த்தால், உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு வாசித்துப் பழகுகிறார். வாயை மூடினால் விரல் தடுமாறுகிறது. “முடியலடா. வாயும் கையும் ஒரே ஒயர்ல ஓடுது போல.”

நான் சொன்ன சமாதானம் எதுவும் எடுபடவில்லை. அதற்குள் பாஸ்டரே வந்துவிட்டார். அக்கா கொடுத்த காபியைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

“அண்ணே, நீங்க வராம போன வாரம் ரொம்ப அமைதியா இருந்துச்சு. அந்த அமைதியில எனக்கு ஜெபம் பாதியில மறந்துபோச்சு.”

“நான் முனகுறது தப்பு ஸ்வரம், பாஸ்டர்.”

“ஆங், தெரியும். கிடார் சத்தத்ததான் நான் நிறுத்தச் சொன்னேன். உங்கள யார் நிறுத்தச் சொன்னாங்க? வாங்கண்ணே.”

அடுத்த ஞாயிறு அண்ணன் வந்தார். கிடார் சுத்தமாக ஒலித்தது. அண்ணன் வழக்கம்போல அரைப்படி கீழே முனகினார். யாரும் கண்ணைத் திறக்கவில்லை.

என் இடத்தில் ஃபேன் காற்று சரியாக வரவில்லை என்று சொல்லி, கீ-போர்டை இன்னும் கொஞ்சம் அவர் முனகல் பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டேன்.