மாஃபி மேடமும் பறக்கும் தட்டும்

ஷார்ஜாவில் மழையைக் கேட்டால்கூட என்றைக்காவது கிடைத்துவிடும். எங்கள் மாஃபி மேடத்திடம் லீவு கேட்டுக் கிடைத்ததாகச் சரித்திரமே கிடையாது.

மேடம் எங்கள் கட்டுமானக் கம்பெனியின் ஹெச்.ஆர். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். 'மாஃபி' என்றால் அரபியில் 'இல்லை'. அவருக்குத் தெரிந்த ஒரே அரபிச் சொல் அதுதான். அதை வைத்தே பதினாறு வருஷம் வளைகுடாவில் குப்பை கொட்டியவர்.

"மேடம், தங்கச்சி கல்யாணம்..."

"மாஃபிங்க."

"ஏ.சி.யைக் கொஞ்சம் கூட்டி வைக்கலாமா?"

"மாஃபிங்க."

மறுப்பிலும் மரியாதையாக ஒரு 'ங்க' ஒட்டிக்கொண்டு வரும். கோபப்படவும் வழியில்லை. ஸ்டோரில் இருந்த கீழக்கரை காதர் பாய் ஒருமுறை பல்வலி என்று அரைநாள் கேட்டார். "எந்தப் பல்லுங்க? வாயத் தொறங்க" என்று செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்துவிட்டு, "சாயந்திரம் வரைக்கும் தாங்குமுங்க" என்று அனுப்பிவைத்தார் மேடம். உண்மையாகவே தாங்கிவிட்டது. காதர் பாய்க்கு அதுதான் தீராத வருத்தம்.

அப்படிப்பட்டவர் ஒரு திங்கட்கிழமை இடது கையால் சீல் குத்திக்கொண்டிருந்தார். வலது கை தூக்க வரவில்லை. ஆபீசுக்குள் ஆளுக்கொரு கதை கிளம்பியது. குளியலறையில் வழுக்கி விழுந்தார் என்றது அக்கவுண்ட்ஸ். லீவு மறுக்கப்பட்ட யாரோ தள்ளிவிட்டதாக ஸ்டோர் நம்பியது. நம்பியதோடு, யாரென்று தெரிந்தால் டீ வாங்கிக் கொடுக்கவும் தயாராக இருந்தது.

நாங்கள் குடியிருந்த ரோலாப் பகுதியிலிருந்து தினமும் மேடத்தின் காரில்தான் நான் வேலைக்குப் போய்வருவேன். அன்று சாயங்காலம் கேட்டேவிட்டேன்.

"துப்பாக்கி இடிச்சுருச்சு கண்ணு" என்றார், காய்கறி வண்டி இடித்துவிட்ட தோரணையில்.

நடந்தது இதுதான். சப்ளையர் ஒருவர் எங்கள் கம்பெனிக்கு ஓர் இலவசக் கூப்பன் கொடுத்திருந்தார். துப்பாக்கி சுடும் கிளப்பில் பெண்களுக்கான ஒருநாள் பயிற்சி. யாருக்கும் வேண்டாம். தேதி முடிந்துகொண்டிருந்தது. முந்தாநாள் தேதி போட்ட தயிரையே மோர்க்குழம்பாக்கிவிடுகிற மேடத்துக்கு மனசு கேட்குமா?

"வீணாப் போகுதேன்னுதான் போனேன். மொத தடவ சுட்டப்போ நான்தான் கீழ உளுந்தேன். ரெண்டாவது தடவ, சுடறதுக்குன்னு பறக்க உடற மண்ணுத் தட்டு அந்தரத்துல தூள்தூளாப் போச்சு பாரு! சிரிப்ப அடக்கவே முடியல கண்ணு. நாப்பத்தெட்டு வயசுப் பொம்பள, தனியா நின்னு கெக்கெக்கேன்னு சிரிக்கறேன்."

அதன்பிறகு ஞாயிறு தவறாமல் போனார். ஒருநாள் நானும் கூடப் போனேன். ஓர் இயந்திரப் பெட்டியிலிருந்து ஆரஞ்சு நிறக் களிமண் தட்டுகள் விர்ரென்று வானத்தில் பறக்கும். அவை விழுவதற்குள் சுட வேண்டும். சுடுகிறவர், 'இழு' என்பதற்கான ஆங்கிலச் சொல்லான "புல்!" என்று கத்தினால் இயந்திரத்தருகே நிற்கும் பிலிப்பைன்ஸ் பெண் பொத்தானை அழுத்துவாள். எல்லோரும் புல் என்றார்கள். மேடம் துப்பாக்கியைத் தோளில் வைத்து, கன்னத்தைச் சாய்த்து, "உடுங்க!" என்றார். அந்தப் பெண்ணும் விட்டாள்.

பக்கத்து வரிசையில் அபாயா என்ற கறுப்பு அங்கி அணிந்த இரண்டு உள்ளூர்ப் பெண்கள் பழகிக்கொண்டிருந்தார்கள். அப்பாவுடன் பாலைவனத்தில் பருந்தை ஏவி ஆடும் வேட்டைக்குப் போய் வளர்ந்த அக்காவும் தங்கையும். மேடத்துக்குக் குறி கூடுகிற ராசி அந்தச் சொல்லில்தான் இருக்கிறது என்று அவர்கள் முடிவு கட்டினார்கள் போலிருக்கிறது. ஒரே மாதத்தில் அந்த வரிசையிலிருந்தும் "உதுங்கா! உதுங்கா!" என்று கேட்க ஆரம்பித்தது.

பிறகு வந்தது பெண்களுக்கான போட்டி. புதன்கிழமை காலை. வேலைநாள்.

மேடம் முறைப்படி லீவு விண்ணப்பம் எழுதினார். விண்ணப்பதாரர் இடத்தில் கையெழுத்துப் போட்டார். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, அதே விண்ணப்பத்தை முழுசாகப் படித்தார். 'அன்று விசா வேலை இருப்பதால் இயலாது' என்று கீழே எழுதி, சீல் குத்தி, ஃபைலில் போட்டுவிட்டார்.

ஃபைல் எங்கள் லெபனான் மேனேஜரிடம் போனது. கேட்டவரும் நீங்கள், மறுத்தவரும் நீங்களா என்று அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ரூல் எல்லாத்துக்கும் ஒண்ணுதானுங்க சார்" என்று மேடம் தமிழிலேயே பதில் சொன்னார்.

"கலாஸ் மேடம், கலாஸ்!" என்று அரபியில் போதும் போதுமென்று சொல்லி, அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, 'சைட் விசிட்' என்று தானே எழுதிக் கையெழுத்திட்டார் மேனேஜர். "யல்லா, கோ!"

புதன்கிழமை காலை ஆபீசில் ஒரு கொள்ளைநோய் பரவியது. எனக்குத் தலைசுற்றல். அக்கவுண்ட்ஸில் மூன்று பேருக்கு வயிறு. காதர் பாய்க்குப் பல். எழுந்திருக்கவே முடியாத காய்ச்சலில் இருந்த டிரைவர் வேனை ஓட்ட, ஒன்பது நோயாளிகள் கிளப்பின் கேலரியில் போய் உட்கார்ந்தோம்.

மேடம் வந்து நின்றதும் காதர் பாய் விசிலடித்தார். மேடம் திரும்பிப் பார்த்தார். ஒவ்வொரு முகமாக எண்ணியது தெரிந்தது. முதல் தட்டு அவர் தலைக்கு மேல் நிம்மதியாகப் பறந்து போனது. இரண்டாவதும். மூன்றாவதும்.

"யா அல்லாஹ், நம்மளாலதாம்மா போச்சு!" என்று என்னிடம் கிசுகிசுத்தார் காதர் பாய். உண்மையிலேயே அவர் முகம் வெளுத்திருந்தது. எனக்கு எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது.

முதல் சுற்று முடிந்ததும் மேடம் துப்பாக்கியை அதன் இடத்தில் வைத்துவிட்டு நேராக எங்களிடம் வந்தார். நாங்கள் எழுந்து நின்றோம்.

"வந்தது வந்துட்டீங்க. கம்முனு உக்காந்து பாருங்க. காதர் பாய், வாய மூடுங்க, பல்லுக்குக் காத்துப் படக் கூடாது."

அதற்குப் பிறகு அவர் வானத்தில் எதையும் முழுசாக விடவில்லை. கடைசிப் பதினொரு தட்டும் வரிசையாக உடைந்தன. மூன்றாம் பரிசு, ஒரு சின்னக் கோப்பை. முதல் இரண்டையும் 'உதுங்கா' சகோதரிகள் வாங்கினார்கள். வாங்கிய கையோடு ஓடிவந்து மேடத்தைக் கட்டிக்கொண்டார்கள்.

மறுநாள் எங்கள் ஒன்பது மேஜையிலும் ஒன்பது மெமோ. 'உடல்நலம் தேறியது குறித்து மகிழ்ச்சி. இனி இந்நோய் வருவதாக இருந்தால் ஒருநாள் முன்பே தெரிவிக்கவும்.'

ஆனால் எனக்கு அந்தப் புதன்கிழமை திரும்பி வந்ததுதான் அதிகம் நினைவிருக்கிறது. தோள் வலியால் கார் சாவியை என்னிடம் கொடுத்திருந்தார். பாதி வழியில் செல்போனைக் காட்டினார்.

"எங்கண்ணனுக மூணு பேரும் அந்தக் காலத்துல மொசல் வேட்டைக்குப் போவாங்க. நானும் வாரேன்னா, பொட்டப்புள்ளைக்கு எதுக்குன்னு உட்டுட்டுப் போயிருவாங்க. சோறு கட்டிக் குடுக்கறதோட செரி. இப்ப போட்டோ அனுப்புனேன். பெரியண்ணன், துப்பாக்கி எவ்வளவு கனம்னு கேக்கறாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"மூணரைக் கிலோண்ணான்னேன். அப்புறம் கும்பிடற கைப் படம் ஒண்ணு வந்துச்சு."

சிரித்தார். சிரித்துக்கொண்டே, கோப்பையை மடியில் வைத்தபடி தூங்கிப்போனார். வாய் லேசாகத் திறந்திருந்தது. ரோலாவுக்குத் திரும்ப வேண்டிய இடம் வந்தது. நான் திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் தூங்கட்டும் என்று, ஊரை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வந்தேன்.