நடு ஸ்பீக்கர் விஷயமாக உன் அக்கா மேல் ஒரு புகார்

அன்பு மச்சானுக்கு உன் அத்தான் ஆசிகளுடன் எழுதுவது. நீயும் உன் வீட்டாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகமில்லை. உன் அக்கா ரொம்பவே சுகமாக இருக்கிறாள். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நீ வீடு மாற்றிப் போகும்போது, "அத்தான், இந்த சவுண்டு செட்டை நீங்களே வச்சுக்கங்க, ரிட்டயர் ஆயிட்டீங்க, நல்லா உக்காந்து பாருங்க" என்று தாராளமாகக் கொடுத்துவிட்டுப் போனாயே, அதில் ஆரம்பித்தது வினை. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, முதுகுக்குப் பின்னால் இரண்டு, மூலையில் உட்கார்ந்து உறும ஒரு பெட்டி என்று எல்லாம் தந்தாய். டீவிக்குக் கீழே நடுவில் வைக்கிற ஸ்பீக்கரை மட்டும் தொலைத்துவிட்டாய். பேச்செல்லாம் அதில்தான் வரும் என்று அப்போது எனக்குத் தெரியாது. படத்தில் மழை பெய்தால் என் தலைமேல் பெய்கிறது, கதவைச் சாத்தினால் நான் எழுந்து போய் நம் வீட்டுக் கதவைப் பார்க்கிறேன், எவனோ ஒருவன் செருப்போடு என் சோபாவைச் சுற்றி வருகிறான். ஆனால் மனிதர்கள் வாயைத் திறந்தால் வெறும் முனகல்தான் வருகிறது.

சரி, உன் அக்கா இருக்கிறாளே என்று சமாளித்தேன். தினமும் சாயங்காலம் சீரியல் ஓடும்போது அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, யாருடைய ரவிக்கைக்காவது கொக்கி தைத்துக்கொண்டே, யார் என்ன பேசுகிறார்கள் என்று சொல்லுவாள். "அவன் என்ன சொல்றான்?" என்பேன் நான். அவள் சொல்லுவாள். ஊசியில் நூல் கோர்க்கிறவளுக்குக் காதும் கூர்மையாக இருக்கும் என்று நம்பினேன், நம்பித் தொலைத்தேன்.

என்றாலும் பாவம், அவளுக்கு எதற்கு இந்தத் தொண்டைத் தண்ணீர் வற்றுகிற வேலை என்று அவள்மேல் இரக்கப்பட்டுத்தான் ஒரு நடு ஸ்பீக்கர் வாங்கலாம் என்றேன். அவள் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். "எதுக்கு இப்ப? இருக்கறதே வீடு கொள்ளல" என்றாள். நான் விடவில்லை. கடைக்கு அழைத்துப் போனேன். கடைக்காரர் நல்ல மனிதர், என்ன, வாய் கொஞ்சம் நீளம். "நடுவுல வைக்கறது சைடுல இருக்கறதோட ஒத்துப் போகணும் சார். அதே கம்பெனியா பாத்து எடுங்க. இல்லேன்னா ஒரு ஆள் இந்தப் பக்கம் கம்பீரமா பேச ஆரம்பிச்சு, நடுவுல வந்ததும் ஜலதோஷம் பிடிச்சவன் மாதிரி ஆயிடுவான்" என்று சொல்லி ஒன்றைப் போட்டுக் காட்டினார். ஒவ்வொரு எழுத்தும் முத்து முத்தாக விழுந்தது. நான் தலையை ஆட்டினேன். உன் அக்கா உதட்டைப் பிதுக்கினாள். "நல்லா இல்ல. எல்லாரும் ரொம்பத் தெளிவா பேசறாங்க." கடைக்காரர் திகைத்துப் போய், "அது ஒரு குறையாம்மா?" என்றார். "வீட்டுல யாரு இப்படிப் பேசறாங்க?" என்று கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன்.

இன்னொரு நாள் இன்னொன்று. அதில் இரண்டு வட்டம் தெரிந்தது. "கண்ணு மாதிரி முழிச்சுப் பாக்குது, ராத்திரி தண்ணி குடிக்க எழுந்தா பயமா இருக்கும். மெத்தைத் துணியில கனமா ஒரு உறை தைச்சு மூடிடறேன், அப்ப வேணா வாங்குங்க" என்றாள். ஸ்பீக்கர் வாயில் துணியை அடைக்கத் தயாராக இருந்த ஒரே வாடிக்கையாளர் அவள்தான். மூன்றாவது சின்னது, அழகானது, உறையோடு வருவது, நம் செட்டின் கம்பெனியேதான். அதற்கு, "டீவி ஸ்டாண்டுக்குள்ள நுழையாது, நான் இஞ்ச் டேப் வச்சு அளந்துட்டேன்" என்று ஒரே போடாகப் போட்டாள். தெருவுக்கே தைத்துக் கொடுக்கிறவள், ஒரு நூல் பிசகாதவள் சொன்னால் மறுக்க முடியுமா? திரும்பி வந்துவிட்டோம்.

நேற்று அவள் தைத்த துணிகளைக் கொடுக்கப் போயிருந்தாள். கடைக்காரரே அந்தச் சின்ன ஸ்பீக்கரைக் கொண்டுவந்து, "வச்சுக் கேட்டுப் பாருங்க சார், பிடிக்கலேன்னா திருப்பிக் கொடுங்க" என்று மாட்டிவிட்டுப் போனார். மச்சான், அது ஸ்டாண்டுக்குள் போய், இரண்டு பக்கமும் கை நுழையும் அளவுக்கு இடமும் மிச்சம் இருந்தது! காலமெல்லாம் கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் அடுத்தவன் பொய்யைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கிய எனக்கு அப்போதே பொறி தட்டியது. சீரியலைப் போட்டேன்.

என்னத்தைச் சொல்ல! நான் இத்தனை நாள் தெய்வமாக நினைத்திருந்த அந்தப் புருஷன், பெண்டாட்டியை வீட்டை விட்டுத் துரத்தத் திட்டம் போடுகிற படுபாவி. உன் அக்கா சொன்ன கதையில் அவன் பாத்திரம் கழுவினான், காலையில் முதலில் எழுந்து டீ போட்டான், துணி மடித்தான். அந்த மாமியார், "உன்னை மாதிரி மருமக கிடைக்க நான் கொடுத்து வச்சிருக்கணும்" என்று கண்ணீர் விட்டாள் என்று சொல்லியிருந்தாள். நேற்று அந்த மாமியார் விட்டது சாபம். அதில் ஒரு மச்சான் வருவான், உன் வயதிருக்கும். அவன் வரும்போதெல்லாம், "அத்தான், அக்காவை எங்கயாவது வெளியூர் கூட்டிட்டுப் போங்க, பாவம்" என்பான் என்றாள் உன் அக்கா. உண்மையில் அவன் கோள் மூட்டத்தான் வருகிறான். யோசித்துப் பார்த்தால் அந்த முனகல் அவளுக்கு மட்டும் எப்படிக் கேட்டிருக்கும்? ஒரு வார்த்தை கேட்டிருக்காது. கொக்கி தைத்துக்கொண்டே எல்லாவற்றையும் அவளே தைத்திருக்கிறாள்!

இதில் நான் அடைந்த நஷ்டத்தைக் கேள். அந்த உத்தமனைப் பார்த்துத் திருந்தித்தான் நான் காலையில் டீ போட ஆரம்பித்தேன். துணி மடிக்கிறேன். போன மாதம் அவளை மலைக்குக் கூட்டிப் போனதும் அந்தக் கோள்மூட்டி சொல்லித்தான். யாரும் ஏய்க்க முடியாத ஆள் என்று பெயரெடுத்த என்னை, என் வீட்டு சோபாவிலேயே உட்கார வைத்து ஏய்த்திருக்கிறாள். ஆகையால் இந்த ஸ்பீக்கரை வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன். நீ வருகிற ஞாயிற்றுக்கிழமை அவசியம் புறப்பட்டு வந்து, கூடப் பிறந்தவன் என்று பார்க்காமல் நியாயம் சொல்ல வேண்டும்.

உன் மனைவிக்கு என் அன்பு, குழந்தைகளுக்கு முத்தம். எல்லோரும் நோய்நொடி இல்லாமல், யாரிடமும் ஏமாறாமல் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
மோசம் போன உன் அத்தான்

பி.கு.: நீ வர வேண்டாம். கடிதத்தை ஒட்டுவதற்குள் இன்றைய சீரியல் வந்துவிட்டது. ஸ்பீக்கர் ஸ்பஷ்டமாகப் பேசியது. உன் அக்கா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அதான் நல்லா கேக்குதே, இனிமே நான் எதுக்கு?" என்று தையலைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் தனியாக உட்கார்ந்து கேட்டேன். எல்லோரும் கத்துகிறார்கள், மச்சான். ஒருத்தராவது நல்ல வார்த்தை பேசவில்லை. எனக்கு வீடே வெறிச்சென்று ஆகிவிட்டது. எழுந்து போய் ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கிவிட்டு, "இங்க வாயேன், திடீர்னு ஒண்ணும் கேக்க மாட்டேங்குது" என்று கூப்பிட்டேன். வந்தாள். தொங்கிக்கொண்டிருந்த வயரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பக்கத்தில் உட்கார்ந்து ஊசியை எடுத்தாள். "அவன் என்ன சொல்றான்?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "வயரைப் பிடுங்கினது யாருன்னு தெரியும்னு பொண்டாட்டி சொல்றா" என்றாள்.

"அதுக்கு அவன்?"

"அவன் எங்க வாயைத் திறக்கறான்? திருட்டு முழி முழிக்கிறான்" என்றாள்.